கையா, தொடையா, இடுப்பா? தசை ஊசிக்கு இடம் தேர்வது எப்படி

கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: டைக்ளோஃபினாக் 75 மி.கி., ஐ.எம்., ஸ்டாட். அதாவது தசையில், உடனே. குந்தா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மாவுக்கு முதுகுப் பிடிப்பு. அன்று என்னோடு வார்டில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவி மருந்தின் பெயரைப் பார்த்தாள், காலாவதித் தேதியைப் பார்த்தாள், அந்த அம்மாவிடம் பெயர் கேட்டு உறுதி செய்தாள், ஆம்பியூலை உடைத்து 3 மி.லி. மருந்தையும் இழுத்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். டிரேயைத் தூக்கும்போது கேட்டேன்.

"எங்கேம்மா போடப் போறே?"

"இடுப்புலதான் சிஸ்டர்."

"ஏன் அங்கே?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் அங்கதானே போடறாங்க."

அவள் சொன்னது உண்மை. நானும் பல வருடம் அதே காரணத்துக்காக அதே இடத்தில் போட்டவள்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மருந்து எது, எவ்வளவு, எந்த வழியில், எந்த நேரத்தில் என்பதை டாக்டர் எழுதுகிறார். உடம்பில் எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஐ.எம். என்ற இரண்டு எழுத்துக்குள் நான்கு இடங்கள் இருக்கின்றன: மேற்கை, தொடை, பின் இடுப்பு, பக்க இடுப்பு. புத்தகத்தில் டெல்டாய்டு, வாஸ்டஸ் லேட்டராலிஸ், டார்சோ குளூட்டியல், வென்ட்ரோ குளூட்டியல் என்று படித்திருப்பீர்கள். இந்த நான்கில் ஒன்றைத் தேர்வது சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பவரின் வேலை. தவறினால் பொறுப்பும் அவருடையதுதான்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பயிற்சிக்கு வரும் மாணவிகளையும் மாணவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மலையில் இந்தத் தேர்வு கொஞ்சம் சிக்கலானது. இங்கே வருகிறவர் ரவிக்கை மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கம்பளி என்று மூன்றடுக்குத் துணியோடு வருகிறார். மறுநாள் காலையில் அதே கை கொழுந்து எடுக்க வேண்டும், அதே கால் மேடு ஏற வேண்டும்.

தசையே வேண்டாம் என்கிற நேரங்கள்

நான்கு இடங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நோயாளிக்குத் தசையில் ஊசி போடலாமா?

தசையில் போட்ட மருந்து அங்கே ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. ரத்த அழுத்தம் இறங்கி, கைகால் சில்லிட்டுப் போன ஒருவருக்குத் தசைக்கு வரும் ரத்தம் குறைந்திருக்கும். மருந்து போட்ட இடத்திலேயே தேங்கி நிற்கும். பிறகு ரத்த ஓட்டம் சரியானதும் மொத்தமாக உள்ளே போகும். அவருக்கு நரம்பு ஊசி, அதாவது ரத்தக் குழாய்க்குள் போடும் ஐ.வி. ஊசிதான் வழி. டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்தவர், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் ஆகியோருக்குத் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். இவர்களுக்கு ஐ.எம். என்று எழுதியிருந்தால், போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் திரும்பக் கேட்பது உங்கள் கடமை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேண்டாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பணியர், இருளர், குறும்பர் போன்ற ஆதிவாசி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தக் கோளாறு உண்டு. இந்தியாவில் அது முதன்முதலில் 1952-இல் பதிவானதே நீலகிரி மலை மக்களிடம்தான். சிக்கிள் செல் வலி வரும்போது வலி அடங்காமல் பல தடவை மருந்து தேவைப்படும். அத்தனையையும் தசையில் குத்திக்கொண்டே இருந்தால் தசை புண்ணாகும், கட்டி தட்டும், உறிஞ்சுவதும் சீராக இருக்காது. வாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் சிரிஞ்சை எடுக்க வேண்டும்.

சரி, தசையில் போடலாம் என்று முடிவாகிவிட்டது. எங்கே?

பின் இடுப்பு: பழகிய இடம்

நம் ஊரில் "இடுப்பு ஊசி" என்றால் இதுதான். நோயாளியே சொல்லாமல் திரும்பி நிற்பார். பெரிய தசை, வழக்கமான மருந்துகளில் 4 மி.லி. வரைகூடத் தாங்கும், போடுகிறவர் முகத்தை நோயாளி பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வசதி இருப்பதால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது.

ஆனால் அந்தத் தசைக்கு அடியில் சயாட்டிக் நரம்பு ஓடுகிறது. காலை அசைக்கும் பெரிய நரம்பு அது. கூடவே குளூட்டியல் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. புட்டத்தை நான்காகப் பிரித்து மேல்வெளிப் பகுதியில் போடு என்று சொல்லிக் கொடுக்கிறோம். இதில் அதிகம் நடக்கும் தவறு எது தெரியுமா? புட்டம் என்பது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை என்று கணக்கிட வேண்டும். பலர் சதை துருத்தியிருக்கும் பகுதியை மட்டும் நான்காகப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் மேல்வெளிப் பகுதி என்று நாம் நினைக்கும் இடம் உண்மையில் நரம்புக்கு அருகே இறங்கிவிடுகிறது. சேலையை முழுக்க இறக்கத் தயங்கி, நோயாளி ஒரு ஓரத்தை மட்டும் விலக்கி நிற்கும்போது எலும்பு விளிம்பே கண்ணில் படாது. குத்துமதிப்பாகத்தான் போடுவோம்.

நான் மாணவியாக இருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு, காய்ச்சலுக்கு வேறொரு ஊரில் இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட அந்த நொடியே கரண்ட் அடித்ததுபோல் கால் நுனி வரை இழுத்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு வலது பாதம் தூக்க வரவில்லை. நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. அவர் கவாத்து வெட்டும் வேலைக்காரர். தேயிலைச் சரிவில் பாதம் தூக்க முடியாதவர் என்ன வேலை செய்வார்? அந்தச் செருப்பு விழுந்த சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊசி இறங்கும்போது நோயாளி "கால்ல இழுக்குது" என்று சொன்னால், ஒரு சொட்டுகூடத் தள்ளாமல் உடனே வெளியே எடுக்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதைப் புத்தகத்தில் படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன்.

அடுத்த குறை கொழுப்பு. பின் இடுப்பில் தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். பலருக்கு 1 அங்குல ஊசியை முழுக்க இறக்கினாலும் மருந்து கொழுப்பில்தான் நிற்கும். தசை ஊசி என்று சார்ட்டில் எழுதியிருப்போம், நடந்தது வேறாக இருக்கும். டைக்ளோஃபினாக் போன்ற மருந்து தவறான ஆழத்தில் போனாலோ குழாயில் பட்டாலோ, அரிதாகத் தோலும் அடித்திசுவும் கருகிப்போவது உண்டு. தடுப்பூசியாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது. அதனால்தான் எந்தத் தடுப்பூசியையும் புட்டத்தில் போடக் கூடாது என்கிறார்கள்.

இந்த இடத்தை அடியோடு ஒதுக்கிவிட முடியுமா என்றால், முடியாது. ஒரே ஒரு சூழ்நிலையில் இதை நான் தயங்காமல் தேர்வேன். வலிப்பு வந்த கர்ப்பிணியை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டின் அளவு 10 கிராம். 50 சதவீதக் கரைசலில் பக்கத்துக்கு 5 கிராம், அதாவது ஒவ்வொரு பக்கமும் 10 மி.லி. ஒரு ஆம்பியூலில் 1 கிராம் என்றால் மொத்தம் பத்து ஆம்பியூல் உடைக்க வேண்டும். மேற்கையோ தொடையோ அந்த அளவைத் தாங்காது. ஒன்றரை அங்குல ஊசியோடு, எலும்பு விளிம்பைத் தொட்டுப் பார்த்து, மேல்வெளிப் பகுதியில் ஆழமாக. மலைப்பாதையில் வண்டி இறங்கும் நேரமெல்லாம் அந்த மருந்துதான் தாயைக் காக்கப் போகிறது.

பக்க இடுப்பு: கற்றுக்கொள்ள வேண்டிய இடம்

என் தேர்வு இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு 1 மி.லி.க்கு மேல் உள்ள எந்தத் தசை ஊசிக்கும், வேறு காரணம் இல்லாதபோது, பக்க இடுப்பு.

1950-களில் ஹோக்ஸ்டெட்டர் என்ற சுவிஸ் மருத்துவர் உடற்கூறு பார்த்து இந்த இடத்தை விவரித்தார். எழுபது வருடம் ஆகியும் நம் வார்டுகளில் இதைப் போடுகிறவர்கள் குறைவு. புத்தகத்தில் படம் இருக்கிறது, செய்முறைத் தேர்வில் கேட்கிறார்கள், வார்டுக்குள் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலை முட்டியில் மடக்கச் சொல்லுங்கள். இடுப்புக்குப் பக்கவாட்டில், தொடை எலும்பின் மேல்முனை ஒரு குமிழ்போலக் கைக்குத் தட்டுப்படும். காலை லேசாக உள்ளும் வெளியும் திருப்பச் சொன்னால் அது உங்கள் கைக்கடியில் உருளும். வலது இடுப்புக்கு உங்கள் இடது கை, இடது இடுப்புக்கு வலது கை. உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்தக் குமிழின் மேல் வையுங்கள். கட்டைவிரல் தொடை மடிப்பைப் பார்த்திருக்கட்டும். ஆள்காட்டி விரல், இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பு முனையைத் தொடட்டும். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, முன்னால் இருக்கும் அந்த எலும்பை ஒல்லியானவர்களுக்குக் கண்ணாலேயே பார்க்கலாம். நடுவிரலை இடுப்பெலும்பின் மேல்விளிம்பை நோக்கிப் பின்னால் விரியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் விழும் முக்கோணத்தின் மையம்தான் இடம்.

அங்கே என்ன இருக்கிறது? குளூட்டியஸ் மீடியஸ், அதற்கடியில் குளூட்டியஸ் மினிமஸ் என்று இரண்டு தசைகள். பெரிய நரம்பு இல்லை, பெரிய ரத்தக் குழாய் இல்லை. தோலடிக் கொழுப்பும் பின்பக்கத்தைவிட மெல்லியது. மூன்று பக்கமும் எலும்பு அடையாளமாக நிற்பதால் குத்துமதிப்புக்கு இடமே இல்லை. 3 மி.லி. வரை தாராளமாகப் போடலாம்.

மலையில் எனக்கு இதைப் பிடித்துப்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. வயதான அம்மாக்கள் பின்பக்கத் துணியை விலக்க எவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஆண் நர்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். பக்க இடுப்புக்கு நாடாவைத் தளர்த்தி, பக்கவாட்டில் ஒரு சாண் இறக்கினால் போதும். உடம்பின் மற்ற பகுதிக்குப் போர்வை போர்த்தியே இருக்கலாம். ஜனவரியில் உறைபனி விழும் காலையில், திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நடுங்கும் தசை இறுகியிருக்கும், இறுகிய தசையில் ஊசி அதிகம் வலிக்கும்.

அன்று அந்த அம்மாவுக்கும் இதையே செய்தோம். மருந்தோடு வரும் தாளில் இடுப்புத் தசையில் ஆழமாக என்று இருக்கும், சில தாள்கள் பின்பக்க மேல்வெளிப் பகுதியையே குறிப்பிடும். அதனால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்ட பிறகுதான் போட்டோம். மாணவி கையை வைத்து இடம் பிடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. "என்ன கண்ணு, பக்கத்துல போடறே?" என்று அந்த அம்மா தலையைத் திருப்பிக் கேட்டார். காரணத்தை அவளே சொன்னாள். போட்டு முடித்ததும், "முடிஞ்சிருச்சா?" என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மெலிந்து வற்றிய முதியவருக்கு ஒன்றரை அங்குல ஊசியை முழுக்க இறக்கினால் எலும்பில் தட்டும், அங்கே 1 அங்குலம் போதும். போடுகிறவரின் கை மிகச் சிறியதாகவோ நோயாளி மிகப் பருமனாகவோ இருந்தால் விரல் கணக்கு பிசகும். அப்போது விரலை நம்பாமல் எலும்புகளைத் தனித்தனியாகத் தொட்டு உறுதி செய்ய வேண்டும். அதைவிட முக்கியமானது, உங்கள் இரண்டு விரலுக்கு நடுவில் ஊசி இறங்குகிறது என்பது. நோயாளி துள்ளினால் உங்கள் விரலில் குத்தும். ஆகவே புள்ளியைக் கண்ணால் குறித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டு, அதே கையால் தோலைப் பக்கவாட்டில் இரண்டரை செ.மீ. இழுத்துப் பிடித்து, 90 டிகிரியில் இறக்குங்கள். இசட் டிராக் என்று படித்தது இதுதான். மருந்தை மெதுவாகத் தள்ளி, 10 விநாடி அப்படியே வைத்திருந்து, ஊசியை எடுத்த பிறகு தோலை விட்டால், ஊசி போன பாதை மூடிக்கொள்ளும். மருந்து மேலே கசியாது. பிறகு தேய்க்க வேண்டாம்.

மேற்கை: வேகம் உண்டு, கொள்ளளவு இல்லை

டெல்டாய்டு தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், பெரும்பாலான மருந்துகள் நான்கில் சீக்கிரம் உறிஞ்சப்படுவது இங்கேதான். ஆனால் சின்னத் தசை. 1 மி.லி. என்பது நல்ல வரம்பு. அதற்கு மேல் போனால் வலியும் வீக்கமும் வரும். ரணஜன்னிக்கான டி.டி. தடுப்பூசி 0.5 மி.லி., ஹெபடைடிஸ் பி, ரேபிஸ் தடுப்பூசி எல்லாம் இங்கே. எரிச்சல் தரும் மருந்துகள் இங்கே வேண்டாம்.

தோள்பட்டை எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, தசை தடித்திருக்கும் நடுப்பகுதியில் போட வேண்டும். மிக உயரத்தில் போட்டால் மூட்டைச் சுற்றிய பையில் மருந்து போய், மாதக்கணக்கில் கை தூக்க முடியாத வலி வரும். தாழ்ந்தால் ரேடியல் நரம்பு. இங்கேதான் ஸ்வெட்டர் பிரச்சினை வருகிறது. இறுக்கமான கையை மேலே சுருட்டினால் அது தோள்வரை போகாது, நம் ஊசி தாழ்ந்துபோகும். கழுத்து வழியாகத் தோளை வெளியே இழுத்தால் ஊசி உயர்ந்துபோகும். தோள் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்வரை கையை உடுப்பிலிருந்து முழுக்க வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வெளியே பெரிய வரிசை நிற்கிறது என்பதற்காக இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கவாத்துக் கத்தி பட்டு வருகிறவர்கள், "கையில வேண்டாம்மா, நாளைக்குக் கொழுந்து எடுக்கணும், இடுப்புலயே போட்டுடுங்க" என்பார்கள். டி.டி.யாக இருந்தால் இதற்கு இணங்க முடியாது. எந்தக் கையை அதிகம் பயன்படுத்துகிறார் என்று கேட்டு, மற்றக் கையில் போடலாம். அது நம்மால் தர முடிந்த சலுகை.

நாய்க்கடிக்கு வரும் பெரியவர்கள் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயப்படுகிறார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிக்காகத்தான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த தடுப்பூசியை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் அங்கிருந்து வந்தது. அந்த மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஓடு நின்றுவிட்டது. இன்று செல் வளர்ப்பில் செய்த தடுப்பூசி. தசையில் போடும் முறையில் மேற்கையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில், தோலுக்குள் போடும் முறையில் இரண்டு மேற்கையிலும் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். மருந்து மாறியபோது இடமும் மாறியது என்று சொன்னால் தாத்தா பாட்டிகள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். சின்னக் குழந்தைக்குத் தசையில் போடும்போது மேற்கைக்குப் பதில் தொடை. யாருக்கும் எந்த வயதிலும் இடுப்பில் இல்லை.

தொடை: குழந்தைக்கும் அவசரத்துக்கும்

ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. தொடையின் முன்வெளிப் பக்கம், நடு மூன்றில் ஒரு பகுதி. நடக்காத குழந்தைக்கு இடுப்புத் தசை வளர்ந்திருக்காது, மேற்கைத் தசையும் போதாது. பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே 1 மி.கி. இங்கே. 6, 10, 14-ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி இடது தொடையில். தாயின் மடியிலேயே உட்கார வைத்து, காலை மட்டும் கம்பளியிலிருந்து எடுத்துப் போடலாம்.

பெரியவர்களுக்கு நான் இதை முதல் தேர்வாக வைக்க மாட்டேன். வலி அதிகம், மறுநாள் படி ஏறும்போது தெரியும். தோட்டத்து லைன் வீட்டிலிருந்து, மஸ்டர் என்ற வருகைப் பதிவு எடுக்கும் இடத்துக்கே இருநூறு படி ஏற வேண்டியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் என்றால் தொடைதான், மறுபேச்சு இல்லை. பெருந்தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டு தூக்கிவரப்பட்டவருக்கும், பென்சிலின் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் முகம் வீங்கியவருக்கும் அதே இடம். பெரியவருக்கு 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூலிலிருந்து 0.5 மி.லி., தொடையின் நடு வெளிப்பக்கத்தில், தசைக்குள். இந்த மருந்து மட்டும் மேற்கையில் போடுவதைவிட இங்கிருந்து ரத்தத்தில் சீக்கிரம் ஏறுகிறது. பேன்ட்டைக் கழற்ற நேரமில்லை என்றால் துணியோடு சேர்த்தே போடலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் மலையின் மூன்றடுக்குத் துணி காத்திருக்கட்டும்.

குளிரில் மருந்தும் மாறுகிறது

எண்ணெயில் கரைத்த ஊசி மருந்துகள், உதாரணமாக மனநலப் பிரிவில் போடும் ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட், ஊட்டியின் டிசம்பர் காலையில் தேன் மாதிரி கெட்டியாக வரும். அவசரப்பட்டுத் தள்ளினால் வலி. ஆம்பியூலை உள்ளங்கைக்குள் வைத்துச் சில நிமிடம் உருட்டினால் இளகும். தடுப்பூசிகளுக்கு இதைச் செய்யக் கூடாது, அவை குளிர்ச்சங்கிலியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. ஸ்பிரிட் துடைத்த இடம் முழுக்கக் காய்ந்த பிறகு குத்துங்கள். குளிரில் அது காய நேரம் எடுக்கும், ஈரத்தோடு குத்தினால் எரியும்.

இழுத்துப் பார்ப்பதைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். தடுப்பூசிக்குத் தேவையில்லை. பின் இடுப்பில் போட நேர்ந்தால் 5 முதல் 10 விநாடி பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். மற்ற இடங்களில் உங்கள் ஆஸ்பத்திரியின் நடைமுறை எதுவோ அது.

சீனியர் வேறு மாதிரி சொன்னால்

இந்தக் கேள்வி எல்லா பேட்ச்சிலும் வருகிறது. "நீங்க பக்க இடுப்புன்னு சொல்றீங்க சிஸ்டர், வார்டுல இருக்கற அக்கா இடுப்புலயே போடுன்னு சொல்றாங்க. என்ன பண்றது?"

நோயாளி முன்னால் வாதாட வேண்டாம். "அக்கா, நான் வென்ட்ரோவில் பழகிக்கணும், நீங்க பக்கத்துல நின்னு பார்க்கறீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பின் இடுப்பிலேயே, ஆனால் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, கால் விரல்களை உள்பக்கம் திருப்பச் சொல்லி, இடுப்பெலும்பு விளிம்பு தெரியத் துணியை விலக்கி, அளந்து போடுங்கள். நிற்க வைத்துக் குத்தாதீர்கள். நிற்கும்போது தசை இறுகியிருக்கும்.

அப்புறம், போட்ட இடத்தைச் சார்ட்டில் எழுதுங்கள். ஐ.எம். கொடுத்தாயிற்று என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வலதா இடதா, எந்தத் தசை என்று எழுதினால்தான் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் இடம் மாற்றிப் போட முடியும்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் 21 நாளுக்கு ஒரு தடவை வருகிறான். வாதக் காய்ச்சலில் இதய வால்வு பாதித்த பிள்ளை. பென்சத்தீன் பென்சிலின் 12 லட்சம் யூனிட், இன்னும் பல வருடம் போட வேண்டும். கலக்கினால் பால்போல் வெள்ளையாக நிற்கும் மருந்து, மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், 21 கேஜ் வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு பக்கப் பின் இடுப்பும் கட்டி தட்டிப்போய், ஊசி நாள் வந்தாலே ஒளிந்துகொள்வானாம். இரண்டு தடவை தவணையைத் தவறவும் விட்டிருக்கிறான். பக்க இடுப்புக்கு மாற்றி, வலது ஒரு தடவை, இடது ஒரு தடவை என்று அவனுடைய நோட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். இப்போதெல்லாம் அவனே நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்தபடி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறான். "சிஸ்டர், இன்னைக்கு இடது."